பண்ணைவீட்டோடு மாட்டுக் கொட்டகையை ஏன் ஒட்டிக் கட்டினார்கள்?

கேள்வி இதுதான்: வட ஐரோப்பாவிலும் அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலும் இருக்கும் பழைய பண்ணைவீடுகள் பலவற்றில் மாட்டுக் கொட்டகை வீட்டோடு ஒட்டியே இருக்கிறது, சிலவற்றில் இரண்டும் ஒரே கூரைக்குள் இருக்கின்றன. நாற்றம், ஈ, தீ பிடிக்கும் ஆபத்து எல்லாம் தெரிந்தும் ஏன் அப்படிக் கட்டினார்கள்? குளிரா, வறுமையா? அப்படி ஒரு கட்டடத்தின் முன்னால் நின்றால் எதைக் கவனித்துப் பார்ப்பது?

"மாட்டின் உடல்சூட்டில் குளிர்காய்ந்தார்கள்" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அதை முழுக் காரணமாக எடுத்துக்கொண்டால் கட்டடத்தில் முக்கால்வாசி விஷயங்கள் விளங்காமலே போய்விடும். என் கருத்து, இந்தக் கட்டடங்களில் வீட்டுப் பகுதியை முதலில் பார்க்கக் கூடாது. வீடும் கொட்டகையும் சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும். அங்கே சுவர் இருக்கிறதா, வெறும் நடைபாதையா, ஒரு கதவா, வரிசையாக நாலைந்து சின்ன அறைகளா? அந்தப் பண்ணை எதை நம்பிப் பிழைத்தது, எதற்குப் பயந்தது என்பதெல்லாம் அந்த இணைப்பில்தான் தெரியும்.

அதற்கு முன் கொட்டகை என்ன வேலை செய்தது என்று பார்த்துவிடுவோம். மாடு கட்டுவது அதில் ஒரு வேலை மட்டுமே. அறுத்த கதிர்க்கட்டுகளை மழை படாமல் வைக்க வேண்டும். குளிர்காலம் முழுக்கக் கதிரடிக்க மூடிய களம் வேண்டும். அந்த நாடுகளில் அறுவடை முடிந்ததும் வெயில் நம்பகமாக இருக்காது, திறந்தவெளிக் களம் உதவாது. வண்டி, கலப்பை நிறுத்த இடம் வேண்டும். எல்லாவற்றையும் விட இடத்தைத் தின்பது காய்ந்த புல். ஒரு மாட்டுக்கு நாளைக்குச் சுமார் 10 கிலோ காய்ந்த புல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பனி ஆறு மாதம் என்றால் ஏறக்குறைய 1,800 கிலோ. கட்டாமல் உதிரியாகக் குவித்த புல் நன்றாக அமுங்கிய பிறகும் ஒரு கன மீட்டருக்கு 60, 70 கிலோதான் இருக்கும். ஆக ஒரு மாட்டுக்கு 25 முதல் 30 கன மீட்டர். பத்து மாடு என்றால் 250, 300 கன மீட்டர் புல். இந்தப் பழைய கட்டடங்களில் கூரை ஏன் அவ்வளவு பெரிதாக, சுவர் ஏன் அவ்வளவு குட்டையாக இருக்கிறது என்பதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். கூரை மனிதருக்காக எழுப்பப்பட்டது அல்ல, புல்லுக்கும் தானியத்துக்கும் எழுப்பப்பட்டது. மனிதர்கள் அதன் ஒரு ஓரத்தில் குடியிருந்தார்கள்.

இந்த ஏற்பாடு எவ்வளவு பழையது என்பதற்கு வட ஜெர்மனியில் பிரேமர்ஹாஃபன் அருகே உள்ள ஃபெடர்சன் வியர்டே நல்ல சான்று. வெள்ளத்துக்குப் பயந்து மேடு எழுப்பி அதன்மேல் வாழ்ந்த ஊர் அது. வெர்னர் ஹார்நாகல் தலைமையில் 1955 முதல் 1963 வரை அங்கே அகழாய்வு நடந்தது. கி.மு. முதல் நூற்றாண்டிலிருந்து கி.பி. ஐந்தாம் நூற்றாண்டுவரை அங்கே கட்டப்பட்ட நீண்ட வீடுகளில் ஒரு முனையில் அடுப்பு, மறுமுனையில் இரு பக்கமும் மாடு கட்டும் தடுப்புகள். மேட்டை உயர்த்தச் சாணத்தையே கொட்டியிருந்ததால் காற்றுப் புகாமல் மரத் தடுப்புகளும் மிலாறு (மெல்லிய குச்சி) பின்னிய சுவர்களும் அழியாமல் கிடைத்தன. எந்த வீட்டில் எத்தனை மாடு கட்டினார்கள் என்று தடுப்புகளை எண்ணியே சொல்ல முடிந்தது. பெரிய வீட்டில் தடுப்புகளும் அதிகம். வறியவர்கள்தான் மாட்டோடு படுத்தார்கள் என்ற எண்ணம் அங்கேயே அடிபட்டுப் போகிறது.

இனி இந்த வகையிலேயே மிகவும் யோசித்துக் கட்டப்பட்டது என்று நான் நினைக்கும் வீட்டுக்கு வருகிறேன். நெதர்லாந்தின் கிழக்குப் பகுதியிலிருந்து வட ஜெர்மனி முழுக்கப் பரவி பால்டிக் கரையோரம் போலந்துவரை போகும் வீட்டு வகை அது. ஹாலன்ஹவுஸ் என்பார்கள். இடைக்காலத்தின் பிற்பகுதியில் உருவாகி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை கட்டப்பட்டது.

அதன் எலும்புக்கூடு எளிமையானது. நடுவில் இரண்டு வரிசை ஓக் மரத் தூண்கள். எதிரெதிர்த் தூண்களை இணைத்து மேலே கனமான உத்தரங்கள். கூரையின் எடை, பரணில் அடுக்கிய தானியத்தின் எடை எல்லாம் இந்தத் தூண்கள் வழியாகத்தான் இறங்கும். இரு வரிசைக்கும் நடுவே உள்ள நீளமான மண்தளக் கூடம்தான் டீலே. தூண்களுக்கு வெளிப்பக்கம், கூரை சரிந்து தாழும் இடத்தில், இரண்டு குறுகலான பக்கப் பத்திகள். மாடும் குதிரையும் அங்கே நின்றன, தலையை உள்ளே கூடத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு. தீனியைக் கூடத்திலிருந்தபடியே போட்டுவிடலாம். சாணம் பின்பக்கம் விழும்.

குறுகிய பக்கச் சுவரில் வண்டி நுழையும் அளவு பெரிய வாசல். அறுவடை வண்டி நேரே கூடத்துக்குள் வந்து நிற்கும். உத்தரங்களுக்கு இடையே விட்ட திறப்பு வழியாகக் கதிர்க்கட்டுகளைப் பரணுக்கு ஏற்றுவார்கள். குளிர்காலத்தில் மேலிருந்து கட்டுகளைத் தள்ளி, அதே கூடத்துத் தரையில் அடிப்பார்கள். ஏற்றும் இடம், அடிக்கும் இடம், தீனி போடும் இடம், நடமாடும் வழி எல்லாம் ஒரே தரை. இவ்வளவு சிக்கனமான தளவமைப்பை இன்றைய கட்டடங்களில்கூட அதிகம் பார்க்க முடியாது.

கூடத்தின் மறுமுனையில் அடுப்பு. பல நூற்றாண்டுகளாக அதற்கும் மாட்டுக்கும் நடுவே சுவரே கிடையாது. தரையில் கல் பதித்துத் திறந்த தீ, மேலே கொக்கியில் தொங்கும் பானை. ஓஸ்னாப்ரூக் நகரத்தைச் சேர்ந்த சட்ட அறிஞர் யூஸ்டுஸ் மோசர், பதினெட்டாம் நூற்றாண்டில் இதை ரசித்து எழுதியிருக்கிறார். அடுப்பருகே உட்கார்ந்து நூல் நூற்கும் குடும்பத்தலைவி எழுந்திருக்காமலேயே பிள்ளைகளையும் வேலையாட்களையும் மாடுகளையும் வாசலையும் ஒருசேரக் கவனிக்க முடியும் என்பது அவர் சொன்ன நியாயம். மேற்பார்வைக்கு ஏற்ற கட்டடம் என்கிறார். நகரத்துக்காரர் கிராமத்து வாழ்க்கையைக் கொஞ்சம் மெருகேற்றிச் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றும். கண்ணெரியும் புகையில் உட்கார்ந்திருந்தவள் அவர் இல்லையே. ஆனாலும் பார்வைக் கோடு பற்றி அவர் சொன்னது தளவமைப்பைப் பார்த்தாலே சரி என்று தெரியும்.

அந்தப் புகையையும் வீணாக்கவில்லை. புகைபோக்கி கிடையாது. புகை உத்தரங்களுக்கு இடையே ஏறி, பரணில் இருக்கும் கதிரைக் காய வைத்து, பூச்சியை விரட்டி, தொங்கும் இறைச்சியைப் பதப்படுத்தி, கூரை மரத்தில் கரியாகப் படிந்து, கடைசியில் முக்கோணச் சுவரின் உச்சியில் உள்ள சின்ன ஓட்டை வழியாக வெளியேறும். அந்த ஓட்டையை ஆந்தைத் துளை என்றே அழைத்தார்கள். ஆந்தை உள்ளே வந்தால் எலி குறையும், யாரும் அடைக்கவில்லை. பிற்காலத்தில் புகைபோக்கி வைத்ததும் மனிதருக்கு மூச்சு விட முடிந்தது, கூரை மரத்துக்கோ பழைய பாதுகாப்பு போயிற்று.

இந்த வகையில் வெளிச்சுவரைப் பார்த்துக் கட்டடத்தின் வயதைச் சொல்வது ஆபத்து. தூண் வரிசைதான் எடையைத் தாங்குகிறது என்பதால் பக்கப் பத்தியின் வெளிச்சுவரை எப்போது வேண்டுமானாலும் கழற்றி மாற்றலாம், உள்ளே ஒன்றும் ஆகாது. மிலாறும் களிமண்ணும் இருந்த இடத்தில் பின்னால் செங்கல் வந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் 1850. உள்ளே போனால் அதைவிட இருநூறு வருடம் மூத்த தூண்கள் நிற்கும். பெரிய வாசலுக்கு மேலுள்ள உத்தரத்தில் கணவன் மனைவி பெயரும் ஆண்டும் ஒரு பக்தி வாசகமும் செதுக்குவது வழக்கம். அந்த ஆண்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. வாசல் மட்டும் அந்த ஆண்டில் புதுப்பிக்கப்பட்டிருக்கலாம், அல்லது உத்தரம் வேறு வீட்டிலிருந்து வந்திருக்கலாம். க்ளோப்பன்பர்க் ஊரில் 1934இல் தொடங்கிய திறந்தவெளி அருங்காட்சியகத்தில் இந்த வகை வீடுகள் பலவற்றைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். ஓக் சட்டங்களை மரஆணி அடித்துப் பூட்டியிருப்பதால்தான் இப்படிப் பிரித்து நகர்த்த முடிகிறது.

வடகடலோரச் சதுப்பு நிலத்தில் இதே பிரச்சினைக்கு வேறு விடை கண்டார்கள். அங்கே புல் அதிகம், மரம் குறைவு. ஆகவே நாலு பெரிய தூணை நடுவில் நிறுத்தி, தரையிலிருந்து கூரைவரை புல்லையும் தானியத்தையும் ஒரே குவியலாக அடுக்கினார்கள். மாடும் களமும் குடும்பமும் அந்தக் குவியலைச் சுற்றி ஓரமாக இருந்தன. வட ஜெர்மனியின் ஐடர்ஸ்டட் தீபகற்பத்தில் உள்ள ஹவ்பார்க், நெதர்லாந்தின் வட ஹாலந்தில் பிரமிடு போன்ற கூரையோடு நிற்கும் ஸ்டோல்ப் வீடு எல்லாம் இந்தக் குடும்பம்தான். 1612இல் நீரை இறைத்து நிலமாக்கிய பேம்ஸ்டர் பகுதியில் ஸ்டோல்ப் வீடுகள் இன்றும் நிற்கின்றன. ஐடர்ஸ்டட்டில் விட்ஸ்வோர்ட் ஊரின் சிவப்பு ஹவ்பார்க்கைப் பற்றி ஒரு கதை உண்டு: சேவல் கூவுவதற்குள் கட்டி முடிக்கிறேன் என்று சாத்தான் ஒப்பந்தம் போட்டானாம், நூறாவது ஜன்னலுக்குக் கண்ணாடி பொருத்துவதற்குள் சேவல் கூவிவிட்டதாம். பெரிய கூரைக்குக் கதையும் பெரிதாகத்தான் இருக்கும்.

சரி, மலைச்சரிவில் என்ன செய்தார்கள்? இங்கிலாந்தின் டார்ட்மூர் பகுதியின் நீண்ட வீடுகள் சரிவையே ஒரு கருவியாகப் பயன்படுத்தின. கருங்கல் வீடு, சரிவுக்குக் குறுக்கே அல்லாமல் சரிவோடு நீளமாக. மேல்முனையில் மனிதர், கீழ்முனையில் மாடு. நடுவே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும் குறுக்கு நடை. மனிதரும் மாடும் நுழைந்தது அதே வாசலில்தான். உள்ளே வந்த பிறகுதான் ஒருவர் மேலே, மற்றது கீழே. தொழுவத்தின் நடுவில் நீளமாக ஒரு கல் வாய்க்கால், கடைசிச் சுவரில் அதற்கு ஒரு துளை. மூத்திரமும் கழுவிய நீரும் தானாக இறங்கி வெளியே போய்விடும். வாய்க்கால் திசையை மாற்றிப் பாருங்கள், அந்த வீட்டில் ஒருநாள்கூடக் குடியிருக்க முடியாது.

பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹையர் அப்பகாட் இதற்கு அருமையான மாதிரி, ஏனென்றால் அதன் தொழுவம் இதுவரை படுக்கையறையாக மாற்றப்படவில்லை. மற்ற பல வீடுகளில் தொழுவம்தான் முதலில் உருமாறியது. ஹவுண்ட் டோர் அருகே இடைக்காலத்தில் கைவிடப்பட்ட ஒரு சிற்றூரின் அடித்தளங்கள் புல்வெளியில் கிடக்கின்றன. கூரை இல்லாததால் இந்தத் தளவமைப்பு அங்கே இன்னும் தெளிவாகப் புரியும்.

ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் இதன் கடைசி உறவினர் இருக்கிறது: ஆர்னோல் ஊரின் 42ஆம் எண் வீடு. சாந்தில்லாமல் அடுக்கிய இரட்டைக் கல்சுவர், நடுவில் மண். புகைபோக்கி இல்லை, நடுவில் முற்றாத நிலக்கரி போன்ற சதுப்புமண் கட்டி எரியும். மக்கள் 1960கள்வரை அதில் வாழ்ந்தார்கள். அங்கே கூரைவேய்ந்த வைக்கோல் புகையில் கரியேறிப் போனதும் அதை எடுத்து வயலுக்கு உரமாகப் போட்டார்கள். கூரைகூடப் பயிருக்குப் போய்ச் சேரும் ஒரு சுழற்சியில் மாட்டை வெளியே தள்ளி வைக்க யாருக்குத் தோன்றும்?

ஜெர்மனியின் கருங்காட்டில் பனியும் சரிவும் இன்னும் கடுமை. குட்டாக் ஊரில் 1612இல் கட்டப்பட்ட ஃபோக்ட்ஸ்பவர்ன்ஹோஃப் இன்று அருங்காட்சியகம். கட்டடக் கலைஞர் ஹெர்மன் ஷில்லி 1964இல் அதைத் தொடங்கினார். அந்த வகை வீட்டின் பின்பக்கம் மலையை ஒட்டியிருக்கும். மேட்டிலிருந்து ஒரு பாலம் போட்டால் புல் வண்டி நேரே கூரைக்குள் ஓடிவிடும். அதாவது இரண்டு மாடி உயரத்துக்கு யாரும் புல்லைத் தூக்க வேண்டாம். மலை ஏற்கெனவே தூக்கி வைத்திருக்கிறது. இறக்கிய புல்லைப் பரணிலிருந்து கீழே தொழுவத்துக்குத் தள்ளினால் போதும். குளிர்காலத்தின் தொடக்கத்தில் மனிதர் தலைக்கு மேல் பல மீட்டர் கனத்தில் புல் இருக்கும். வெப்பம் வெளியேறாமல் காப்பது உண்மையில் அதுதான். வசந்தம் நெருங்க நெருங்கப் புல் தீரும், குளிரும் குறையும். இந்தப் பொருத்தத்தை யாராவது கணக்கிட்டுச் செய்தார்களா என்றால், இல்லை, வாய்த்துவிட்டது. ஆனால் நீளமாக வெளியே தள்ளிய கூரைத் தாழ்வாரம் யோசித்துச் செய்ததுதான்: கோடையில் உச்சி வெயிலை மறைக்கும், குளிர்காலத்தில் சாய்ந்து வரும் வெயிலை உள்ளே விடும்.

சுவிட்சர்லாந்தின் எங்கடின் பள்ளத்தாக்கில் வண்டி வீட்டின் நடுவாகவே போகும். முன்வாசலுக்குப் பின்னால் சுலேர் என்ற பெரிய கூடம். புல் வண்டி அதைக் கடந்து பின்னாலுள்ள கொட்டகைக்குப் போகும். மாடு போக அதற்குக் கீழே தனி வாசல். குவார்டா ஊர் இதற்குப் பேர்போனது. பதினேழாம் நூற்றாண்டின் முப்பதாண்டுப் போர்க் காலத்தில் எரிந்தபின் கல்லால் மறுபடி எழும்பிய ஊர். 1975இல் பாரம்பரியப் பாதுகாப்புக்கான வாக்கர் பரிசு பெற்றது. சுற்றுலா வருபவர்கள் சுவர்ச் சித்திரங்களைப் படமெடுக்கிறார்கள். நான் சொல்வது, கதவின் அகலத்தைப் பாருங்கள். அது மனிதருக்காக வைத்த கதவு அல்ல.

இப்போது அந்த உடல்சூட்டுக் கதைக்கு வருவோம். இன்றைய பெரிய மாடு ஒன்று சுமார் ஒரு கிலோவாட் வெப்பம் விடும். அதாவது ஒரு சின்ன மின்கணப்பு அளவு. அக்கால மாடு சிறியது, அதிலும் குறைவாக இருக்கும். பத்து மாடு என்றால் அலட்சியப்படுத்தும் அளவல்ல. ஆனால் மாடு வெப்பத்தோடு ஈரத்தையும் விடுகிறது: மூச்சிலும் தோலிலும் நாளொன்றுக்குப் பல லிட்டர். அந்த ஈரத்தை வெளியேற்றக் காற்றோட்டம் வேண்டும். காற்று போனால் வெப்பமும் போகும். காற்றை அடைத்தால் உத்தரம் இற்றுப்போகும். எனவே சுவரில்லாத ஹாலன்ஹவுஸில் மாட்டுச் சூடு கொஞ்சம் உதவியது, நடுவே கல்சுவர் வந்த வீடுகளில் மிகவும் குறைவு. தொழுவத்தில் தண்ணீர் உறையாமல் இருந்தது, பொதுச்சுவர் சில்லிடாமல் இருந்தது, அவ்வளவுதான். நடு இரவில் கன்று போடும் மாட்டைப் பார்க்கப் பனியில் நடக்க வேண்டாம் என்பது அதைவிடப் பெரிய லாபம்.

குளிர்தான் காரணம் என்ற வாதம் முற்றிலும் சறுக்குவது அமெரிக்காவின் நியூ இங்கிலாந்தில்தான். மெயின், நியூ ஹாம்ப்ஷயர் பக்கம் பண்ணைகள் வரிசையாக ஒட்டியிருக்கும்: பெரிய வீடு, சின்ன வீடு, பின் வீடு, கொட்டகை. பிள்ளைகள் இதை ஒரு விளையாட்டுப் பாட்டாகவே சொல்வார்களாம். பெரிய வீட்டில் விருந்தினர் அறையும் படுக்கையறைகளும். சின்ன வீடு என்பது சமையற்கட்டு. பின் வீட்டில் விறகு, வண்டி, வேலைப்பட்டறை, பெரும்பாலும் கழிவறையும். கடைசியில் கொட்டகை. கனத்த பனி பெய்யும் நாடு, நனையாமல் மாட்டிடம் போக இப்படிக் கட்டினார்கள் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஆனால் பதினேழாம் நூற்றாண்டில் குடியேறியவர்கள் அதே பனியில், இன்னும் கடுமையான குளிர்காலங்களில், கொட்டகையைத் தள்ளித்தான் கட்டினார்கள். அதே அளவு பனி பெய்யும் வேறு மாநிலங்களில் இந்த வழக்கம் வேரூன்றவில்லை. ஒட்டிக் கட்டுவது பெருகியது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். இதை ஊர் ஊராக அளந்து ஆராய்ந்த கட்டட வரலாற்றாய்வாளர் தாமஸ் ஹப்கா சொல்லும் காரணம் பொருளாதாரம். கல் நிறைந்த நிலம், சிறிய பண்ணை, மேற்கிலிருந்து ரயிலில் வரும் மலிவுத் தானியத்தோடு போட்டி. தாக்குப்பிடிக்க வேண்டுமானால் வெண்ணெய், காய்கனிப் பதனிடல், கைத்தொழில் என்று பலதையும் செய்ய வேண்டும். அதற்கு வேலையிடங்கள் அடுத்தடுத்து இருக்க வேண்டும். சமையற்கட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவே உள்ள அந்தச் சின்னக் கட்டடங்கள்தான் பணம் சம்பாதித்த இடம்.

இன்னொரு சுவாரசியம்: இவற்றில் பல அங்கேயே புதிதாகக் கட்டப்பட்டவை அல்ல. இருந்த கொட்டகையையும் பழைய வீட்டையும் காளைகள் பூட்டி இழுத்துவந்து ஒட்டவைத்தார்கள். அதனால் வரிசையில் கடைசியாகச் சேர்ந்த துண்டு வயதில் மூத்ததாக இருக்கலாம். சின்ன வீடுதான் அந்தக் குடும்பத்தின் முதல் வீடு, பெரிய வீடு பின்னால் வந்தது என்பதும் உண்டு. இந்த வரிசை பெரும்பாலும் தெற்கு அல்லது கிழக்கு வெயில் படும் ஒரு முற்றத்தை அணைத்தபடி இருக்கும். வடக்குக் காற்றுக்குக் கட்டடமே மறைப்பு. சாலையைப் பார்க்கும் முகத்துக்கு வெள்ளை வண்ணம், கிரேக்கக் கோயில் பாணிச் சட்டங்கள். பின்பக்கத்துக்கு அந்த மரியாதை கிடைத்திருக்காது.

கனடாவின் மனிடோபாவில் 1870களில் குடியேறிய மென்னோனைட்டுகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் இதற்கு நேர்மாறு. அவர்கள் வீடு-கொட்டகை வடிவத்தை விஸ்டுலா ஆற்று முகத்துவாரத்திலிருந்து உக்ரைன் வழியாகக் கையோடு கொண்டுவந்தார்கள். நோய்பெர்க்தால் என்ற தெருவூரில் அவை இன்னும் நிற்கின்றன. தேசிய வரலாற்றுத் தலம் அது. வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவே ஒரு சிறு நடை. நடுவீட்டில் வைக்கோலும் உலர்ந்த சாணமும் எரியும் செங்கல் கணப்பு. மரமில்லாத புல்வெளியில் எரிபொருளும் கொட்டகையிலிருந்துதான் வரவேண்டும்.

தீயைப் பற்றி நீங்கள் கேட்டது நியாயம். இந்த வடிவத்தின் மன்னிக்க முடியாத குறை அதுதான். அடுப்புத் தீப்பொறி மட்டுமல்ல ஆபத்து. சரியாகக் காயாத புல்லைக் குவித்தால் உள்ளே நுண்ணுயிர்கள் பெருகிச் சூடேறும். 70 டிகிரி அளவில் அவை மடிந்தாலும் வேதிவினைகள் சூட்டை மேலே கொண்டுபோகும். சில வாரம் கழித்து, யாரும் தீக்குச்சி உரசாமலே பற்றிக்கொள்ளும். கொட்டகை எரிந்தால் வீடும் போகும். பின்னாளில் நடுவே கூரைக்கு மேல்வரை எழும்பிய தீத்தடுப்புச் சுவரைப் பல பகுதிகளில் பார்க்கலாம். அதோடு கதிரடிக்கும் எந்திரம் வந்ததும் மூடிய களம் தேவையில்லாமல் போயிற்று. பால் சுகாதாரம் பற்றிய விதிகளும் இறுகின. இணைப்புக்கான காரணங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன.

நேரில் பார்க்க நேர்ந்தால் முதலில் இணைப்புக் கதவருகே நில்லுங்கள். தாழ்ப்பாள் எந்தப் பக்கம், தரை எந்தப் பக்கம் தாழ்கிறது, உத்தரங்கள் சுவரைத் தாண்டித் தொடர்கின்றனவா என்று பாருங்கள். தொடர்ந்தால் இரண்டும் ஒன்றாகப் பிறந்தவை. சுவர் பின்னால் வந்தது. அப்புறம் மரத்தைப் பாருங்கள். எதையும் தாங்காத வெற்றுத் துளைகள் இருந்தால் அந்தச் சட்டம் வேறு கட்டடத்தில் ஒருமுறை வேலை செய்து வந்தது. தச்சர்கள் இணைப்புகளில் ரோமன் எண்போலக் கோடு கீறியிருப்பார்கள். நான்குக்குப் பெரும்பாலும் நான்கு கோடுதான், ஏனென்றால் தலைகீழாகப் பார்த்தால் நான்கும் ஆறும் குழம்பும். எண்கள் வரிசையாக இருந்தால் சட்டகம் கலையாமல் இருக்கிறது. நியூ இங்கிலாந்தில் பலகையில் நேர்க்கோட்டு ரம்பத்தடம் இருந்தால் மேலும் கீழும் அசைந்து அறுக்கும் பழைய ரம்பம். வளைகோடாக இருந்தால் வட்ட ரம்பம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி அல்லது அதற்குப் பின். கம்பி ஆணி தெரிந்தால் பெரும்பாலும் 1890ஐ ஒட்டியோ பிறகோ செய்த வேலை. திட்டமான ஆண்டு வேண்டுமானால் மரவளையங்களின் அகல வரிசையை, ஆண்டு தெரிந்த மரங்களின் வரிசையோடு ஒப்பிடுவதுதான் வழி. பட்டைக்கு அடியிலுள்ள கடைசி வளையம் இருந்தால் வெட்டிய ஆண்டே கிடைக்கும். ஓக்கைப் பச்சையாகவே இழைத்துப் பூட்டியதால் கட்டிய ஆண்டும் அதை ஒட்டித்தான் இருக்கும்.

வாங்கிக் குடியேறும் எண்ணம் இருந்தால் இரண்டு விஷயம். தலை இடிக்கிறது என்று குறுக்கு உத்தரத்தை அறுக்காதீர்கள். கூரைச் சட்டங்களின் கால்கள் இருபுறமும் விரியாமல் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான். இரண்டாவது, தொழுவச் சுவர். நூற்றாண்டுகளாகச் சாணமும் மூத்திரமும் ஊறியதால் அதற்குள் நைட்ரேட் உப்பு நிறைந்திருக்கும். ஒரு காலத்தில் வெடிமருந்துக்கான வெடியுப்பைத் தேடி அரசாங்க ஆட்கள் தொழுவத் தரையைத் தோண்டிப்போன உப்பு இது. காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், காய்ந்தால் படிகமாகிப் பூச்சை உதிர்க்கும். சிமெண்ட் பூசி அடைத்தால் ஈரம் மேலே ஏறி நல்ல சுவரையும் கெடுக்கும். சுண்ணாம்புப் பூச்சு போட்டு, அது உப்பை வாங்கிக்கொண்டு உதிரும்போது சுரண்டியெடுத்து, மறுபடி பூசுங்கள். இரண்டு மூன்று சுற்று ஆகலாம். அதுவரை அந்தச் சுவரை ஒட்டி அலமாரி எதுவும் வைக்காதீர்கள்.